இது எந்த கலாஸ்?

ஷியாமளாவுக்கு வரைபடம் என்றால் உயிர். ஆனால் சவுதியிலுள்ள தம்மாமுக்கு வந்த நாளிலிருந்து அவள் வரைந்ததெல்லாம் மணல். குழாய் போகும் மணல், சாலை போகும் மணல், எதுவுமே போகாத வெறும் மணல். திருச்சியில் ஆசை ஆசையாகப் புவியியல் படித்தவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

அப்படிப்பட்டவள் கையில்தான் ஒரு எரிமலை வந்து விழுந்தது. கடல் தாண்டி ஒரு தீவில் மலை வெடித்து, லாவா ஒரு ஊரைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அது எங்கே போகிறதென்று தினமும் சொல்ல முடியுமா என்று நிவாரணக் குழு ஒன்று அவளுடைய ஆபீஸைக் கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் ஷியாமளா தலையாட்டிவிட்டாள்.

அது பக்கத்து மேஜை மாஹிராவின் ஊர் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஜனங்கள் கடற்கரை முகாமுக்குப் போய்விட்டார்கள், உயிருக்குப் பயமில்லை. ஆனால் மாஹிராவின் கல்யாணத்துக்காக அவள் அம்மா மொட்டைமாடி வரைக்கும் வெள்ளையடித்து வைத்த வீடு அங்கேயே நின்றது. ஊருக்கு மேலே ஓடை இரண்டாகப் பிரிந்தது. லாவா இடப்பக்கம் திரும்பினால் கடல், வலப்பக்கம் திரும்பினால் அந்த வீடு.

காலையில் படம் வந்ததும் ஷியாமளா வீட்டிலிருந்தே லாவாவின் விளிம்பைச் சிவப்புக் கோடாக இழுப்பாள். தோசைக்கல்லில் மாவு ஓடுகிற மாதிரி, நேற்றைய கோட்டைத் தாண்டி இன்றைய கோடு. கணவன் சேதுமாதவன் பல் தேய்த்துக்கொண்டே ஸ்கோர் கேட்பான். "இன்னிக்கு எவ்வளவு ஷியாமு?"

அந்த வெள்ளிக்கிழமை படத்தைப் பார்த்தவள் நாற்காலியை விட்டு எகிறினாள். லாவா இடப்பக்க ஓடையில் இறங்கிக் கடலைத் தொட்டுவிட்டது. ஊர்ப்பக்கம் நீண்டிருந்த நாக்கு ஆறிப்போய், இருந்த இடத்திலேயே கிடந்தது. உடனே மாஹிராவுக்குத் தட்டினாள்: "வில்லேஜ் சைடு கலாஸ்!"

வளைகுடாவில் டீ தீர்ந்தாலும் கலாஸ், டியூட்டி முடிந்தாலும் கலாஸ், இனிப் பேச்சே இல்லை என்றாலும் கலாஸ், ஆளே போய்ச் சேர்ந்தாலும் கலாஸ். தொல்லை முடிந்தது என்று ஷியாமளா எழுதினாள். ஊர் முடிந்தது என்று மாஹிரா படித்தாள்.

பதிலுக்கு அழுகிற பொம்மை ஒன்று வந்தது. ஆனந்தக் கண்ணீர்! ஷியாமளா பூரித்துப்போய் ஆடுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பிவைத்தாள்.

போன் அடித்தது. "என் வீடு போனதுக்கு நீ டான்ஸ் ஆடுறியா?" என்று மாஹிரா ஆபீஸில் பழகிய ஹிந்தியில் வெடித்தாள்.

ஷியாமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாஹிரா இருப்பது அதே கட்டடத்தில் கீழ்மாடி. லேப்டாப்பை அணைத்துக்கொண்டு, நைட்டியோடு, ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடினாள். பதற்றத்தில் தெரிந்த பாஷையெல்லாம் கைவிட்டுவிட, "மாஃபி! மாஃபி!" என்று கத்தினாள். அரபியில் மாஃபி என்றால் 'இல்லை'. லாவா இல்லை என்று சொல்ல வந்தாள், பாவம். வீடு இல்லை என்று கேட்டது மாஹிராவுக்கு. அவள் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு பின்னால் ஓடிவந்தான் சேதுமாதவன். "ஐயோ, நீ பேசாத! படத்தைக் காட்டு!"

காட்டினாள். சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பொட்டு மாதிரி ஒரு வெள்ளை மொட்டைமாடி.

மாஹிரா அந்தப் பொட்டை விரலால் தொட்டாள். அப்புறம் ஷியாமளாவின் தோளில் ஓங்கி ஒரு அடி. அப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் எதிர்வீட்டுக்காரர் நிலநடுக்கமென்று வெளியே ஓடிவந்தார். அத்தனை சந்தோஷம்!

மாஹிராவின் அம்மா முகாமிலிருந்து வீடியோவில் வந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் போட்ட குலவையில் போனே அதிர்ந்தது. பிறகு ஷியாமளாவை நோக்கி விரலை நீட்டி அரபியில் என்னவோ கண்டிப்பாகச் சொல்லி, "கலாஸ்!" என்று முடித்தாள்.

ஷியாமளா பயந்துபோய் மாஹிராவைப் பார்த்தாள். "இது எந்த கலாஸ்?"

"கல்யாணத்துக்கு நீ வர்ற. அந்த வீட்டுக்குத்தான். கலாஸ்!"