இரவல் மூக்கு

என் மனைவி சீஸ் விற்கிறவள். கடையில் எல்லோரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறாள். சேர்ந்த புதிதில் செடாருக்கும் சோப்புக் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவளே சொல்வாள். பிறகு அந்த மூக்கு எப்படித்தான் கற்றுக்கொண்டதோ, மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தால் போதும், இது இன்னும் மூன்று நாள் தாங்கும், இதை இன்றைக்கே தள்ளிவிட வேண்டும் என்று சொல்லிவிடுவாள்.

விற்பதிலும் அவள் வழி தனி. நல்ல சீஸாகக் கொடுங்கள் என்று யாராவது பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பாள். பீட்சா என்றால் மொசரெல்லா; அதையும் தண்ணீர் வடித்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் அடிமாவு சொதசொதவென்று ஆகிவிடும். மக்ரோனிக்கு செடார், துருவி, அடுப்பை அணைத்த பிறகுதான் வெள்ளை சாஸில் சேர்க்க வேண்டும், கொதிக்கவிட்டால் எண்ணெய் தனியாகத் திப்பி தனியாகப் பிரிந்துவிடும். ஒரு மனுஷன் ஃபெட்டாவை வாங்கிப்போய் ரொட்டிமேல் வைத்து, இதோ உருகும், இதோ உருகும் என்று முக்கால் மணி நேரம் அடுப்படியிலேயே நின்றாராம். மறுநாள் சண்டைக்கு வந்தார். அது உருகுகிற வகையே இல்லை, வறுத்த பூசணிக்காய்மேல் உதிர்த்துத் தூவுங்கள், தனியாக உப்புப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். இப்போது அவர் வாரம் தவறாமல் வருகிறார்.

போன வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அது போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா, நானே சொல்லியிருப்பேனே. வீட்டுக்கு வந்து நீலச் சீஸ் ஒரு துண்டை மூக்கடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டையே காலி பண்ணவைக்கும் அந்த வாடை அவளுக்கு மட்டும் எட்டவில்லை. கடையில் தெரிந்தால் தன் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள்.

நான் பஸ் ஓட்டுகிறவன், எட்டரைக்குத்தான் ஷிப்ட். அதுவரை என் மூக்கை இரவல் தருகிறேன் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் கடையின் பின்வாசலில் யூனிபாரத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. அவள் ஒவ்வொன்றாக நீட்டுவாள், நான் முகர்ந்து சொல்ல வேண்டும். நாறுகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

"என்ன நாத்தம்னு சொல்லுங்க. ஈரத் துணியா, காளானா, பாத்ரூம் கழுவுற மருந்தா?"

பிரீ என்கிற மெத்தென்ற வட்டச் சீஸ் காளான்போல மணந்தால் பதமாகப் பழுத்திருக்கிறது. மருந்துபோல மூக்கில் குத்தினால் அதன் கதை முடிந்தது. இப்படியே தேறினேன். மிச்சத்தை அவள் விரலால் அழுத்தியே கண்டுபிடித்தாள்.

வீட்டில்தான் பாடு. வாசனையோடு ருசியும் பாதி போய்விட்டது. பார்மீசான் சீஸின் காய்ந்த தோலைத் தக்காளி சூப்பில் போட்டுக் கொதிக்கவைப்பது அவள் வழக்கம். அதிலேயே உப்பு இறங்கிவிடும். இப்போது மேலே இன்னும் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டாள். பிரமாதம் என்றேன். அந்தப் பொய்க்கு மூன்று செம்புத் தண்ணீர் குடித்தேன்.

நாலாவது மாதம் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு ஹோட்டல் விருந்துக்கு ஆறு வட்டம் பிரீ போயாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு வட்டத்தை மூக்கில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தோம். அழுத்திப் பார்த்ததில் இரண்டு அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அனுப்பிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். என்னை ஒரு முறை முறைத்தாள்.

"சந்தேகத்தோட ஒண்ணைக் கொடுத்துட்டு என்னால அங்க நிக்க முடியாதுங்க."

விறுவிறுவென்று மாடிக்குப் போய் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலாளியம்மா இறங்கி வந்து ஆறையும் முகர்ந்தார். அவள் சந்தேகப்பட்ட அதே இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு மாசமா தெனமும் வந்து மோந்து பாத்துட்டு, ஒரு துண்டுகூட வாங்காமப் போறாரேன்னு பாத்தேன். சரியான கஞ்சப் பிசினாரின்னு நெனச்சிட்டேன்."

இந்த நாலு மாதத்தில் ஒரு சீஸ்கூடத் திரும்பி வரவில்லை, நீ உன் இடத்திலேயே நில் என்று அவளிடம் சொன்னார். இனிமேல் காலையில் தானே வந்து முகர்ந்து சொல்வதாகவும், இந்த மனுஷன் பஸ்ஸை ஒழுங்காக ஓட்டட்டும் என்றும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சம் நாலையும் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

வேலை தப்பியது. மூக்கு வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் எதைத் தின்றாலும் மெல்லுவதை நடுவில் நிறுத்திவிட்டு யோசிப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காது.

மூன்று வாரம் போயிருக்கும். ஷிப்ட் முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். சமையலறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி ஹலூமிச் சீஸ் துண்டுகளைத் தோசைக்கல்லில் சிவக்க வறுத்துக்கொண்டிருந்தாள்.

"போய் மொதல்ல காலைக் கழுவிட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து தினமும் கேட்கிற பாட்டு. பழக்க தோஷத்தில் எழுந்து போய், குழாயைத் திறந்து ஒரு காலை நீட்டியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இதைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஈரக் காலோடு ஓடினேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருந்தது. நான் கழுவாத காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தேன். குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். முகத்தைக் கோணினாள், சிரித்தாள், அப்படியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கல்லிலிருந்து புகை கிளம்பியது.

"ஏய், கருகுது" என்றேன்.

"தெரியுதுங்க" என்றாள், என்னை விடாமலேயே. "நல்லாவே தெரியுது."