என் உயரத்துக்கு ஒரு பெஞ்ச்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பிரேசர் டவுனில் ஒரு கடைக்குள், முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் பார்க்க, நான் மல்லாந்து படுத்தேன்.

மயக்கமெல்லாம் இல்லை. பெஞ்ச் வாங்கப் போயிருந்தேன் – டம்பெல் தூக்கிப் பயிற்சி செய்கிற பெஞ்ச். படுத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

ஐம்பத்தாறு வயதில் இது எதற்கு என்கிறீர்களா? என் கணவரும் அதையேதான் கேட்டார். போன மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டைப் பிரித்த பிறகும் கையில் தெம்பு வரவில்லை. அடுப்பிலிருந்து குக்கரை இறக்கக்கூட "ஏங்க..." என்று குரல் கொடுக்க வேண்டும். ஓடி வந்து இறக்குவார், நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ ஒன்று சுருங்கும்.

எலும்பு பலவீனமாகி வருகிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்றார் டாக்டர். தொம்மலூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், இரண்டு கிலோவில் ஆரம்பித்து வைத்தாள். நாலு கிலோவை எட்டியதும் சொன்னாள்: "இனிமே வீட்லயே பண்ணலாம் மேடம். நல்ல பெஞ்சா வாங்குங்க. படுத்தா ரெண்டு பாதமும் தரையில பதியணும். இல்லன்னா முதுகு போயிடும்."

கணவர் உடனே போனைத் திறந்தார். "இதப் பாரு, அஞ்சு ஸ்டார்! நாளைக்கே வந்துடும்."

"ஸ்டார் குடுத்தவங்க எல்லாம் என்ன உயரம்?"

போனைக் கீழே வைத்தார். நான் நாலடி பத்தங்குலம்.

கடையில் சேல்ஸ்மேன் சிரித்த முகத்தோடு வந்தார். "வாங்க மேடம், பையனுக்கா?"

"எனக்கு."

சிரிப்பு கணவர் பக்கம் திரும்பியது. "அவங்களுக்குத்தான்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

முதல் பெஞ்ச் – தடித்த மெத்தை, சிவப்புத் தையல். "டாப் மாடல் மேடம். ஜிம் பசங்க எல்லாம் இதான் எடுத்துக்கினு போறாங்க."

படுத்தேன். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

"பரவால்ல மேடம், கால் கீழ ரெண்டு பலகை போட்டுக்கலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

'ஸ்வல்ப', அதாவது கொஞ்சம் – இருபத்தெட்டு வருடமாக இந்தக் கன்னட ஊரில் கேட்கிற வார்த்தை! பஸ்ஸில் கைப்பிடி எட்டாது, வாடகை வீட்டில் சமையல் மேடை எட்டாது... அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேதான் வந்திருக்கிறேன். அன்று ஏனோ முடியாது என்று தோன்றியது.

"அட்ஜஸ்டபிள் பெஞ்ச்னுதானே எழுதியிருக்கு? அதுவே பண்ணிக்கட்டும்."

இரண்டாவது, உயரம் சரி. அசைத்துப் பார்த்தால் ஆடியது. மூன்றாவதில் சாய்வை நிமிர்த்தினால் நடுவில் பெரிய இடைவெளி – இடுப்பு அதற்குள் இறங்கியது. நாலாவதில் மறுபடியும் கால் எட்டவில்லை. ஒவ்வொன்றிலும் படுத்து எழுந்தேன்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்று முணுமுணுத்தார் கணவர்.

"பாக்கட்டும். என் முதுகு."

 அவர் என்ன நினைத்தாரோ... விறுவிறுவென்று கடையின் பின்பக்கம் போனார். யோகா பாய்களுக்கு அடியில் ஒரு பெஞ்ச். கறுப்பு, சாதாரணம், பளபளப்பே இல்லை. பாய்களைத் தானே எடுத்து அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

படுத்தேன். ஆடவில்லை. அவர் தரையில் மண்டியிட்டு, மேஜையில் இருந்த கடையின் விசிட்டிங் கார்டு ஒன்றை என் குதிகாலுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார்.

"போகல! கார்டுகூடப் போகலடி!" கடை முழுக்கக் கேட்டது.

சேல்ஸ்மேன் ஐந்து கிலோ டம்பெல் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினார். "தூக்கித்தான் பாருங்களேன் மேடம்." ஐந்து கிலோ நான் தொட்டதே இல்லை. கணவர் கை தானாக முன்னால் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஒன்று... இரண்டு... மூன்றாவதில் கை பாதியில் நின்றது. பாதத்தைத் தரையில் அழுத்தினேன். நாலு... ஐந்து... எட்டு!

யாரோ கை தட்டினார்கள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆறடிக்குக் குறையாத ஓர் ஆள் தயங்கித் தயங்கி வந்தார். "ஆன்ட்டி, எனக்கு எது செட் ஆகும்? நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்."

"உங்களுக்கு எல்லாமே செட் ஆகும் தம்பி. உங்களை அளந்துதானே எல்லாத்தையும் செய்யறாங்க" என்றேன்.

இருந்தாலும், படுத்துப் பார்த்தே வாங்கச் சொன்னேன்.