எனாமல் போர்டு வாங்க நிலம் விற்கக் கிளம்பிய கண்டக்டர்

"வெள்ளிக்கிழமை நெலத்துக்கு அட்வான்ஸ் வாங்கப் போறேங்க்கா. உங்ககிட்ட இருக்கிற போர்டு அத்தினியும் எனக்குத்தான். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

பழனிவேல் என் கடை வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது எனக்கு வாயெல்லாம் பல். வியாபாரத்துக்குக் கடை திறந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் கடை. என் கணவர் பழைய இரும்பு எடை போட்டுக்கொண்டிருந்த இடம். அவர் போன பிறகு நான் இரும்பைக் குறைத்துக்கொண்டு பழைய விளம்பர போர்டுகள் பக்கம் வந்தேன். டீத்தூள், சோப்பு, சைக்கிள், பீடி என்று தகரத்தின் மேல் எனாமல் சுட்டு, ஒரு காலத்தில் கம்பெனிக்காரர்கள் மளிகைக் கடைகளுக்கு இனாமாகக் கொடுத்தவை. இன்று ஓட்டல்காரர்களும் பங்களா கட்டுகிறவர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள். இப்போது முட்டி வலி, கடையை மகள் பார்க்கிறாள். ஆனாலும் வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், "இதுல பணம் போடலாமாக்கா?" என்று. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பழனிவேல் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். களமருதூரில் போர் போட்ட ஒன்றரை ஏக்கர் நஞ்சை அவர் பெயரில் இருந்தது. ஒரு போர்டு லட்சக்கணக்கில் விலை போனதாக போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது மனிதருக்கு.

1. பட்டிக் கதவு

அந்த வீடியோவை அவர் மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முந்தின மாதம் லோடு வண்டி எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக டீத்தூள் போர்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். எழுத்தின் மேல் நகத்தால் வருடினேன், மேடு தட்டியது. பழைய சரக்குக்கு அதுதான் அடையாளம். புதிதாக அச்சடித்து, ஆசிட் ஊற்றித் துரு ஏற்றி விற்கிறார்களே, அதில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தது.

விலை சொன்னேன். ஆட்டுக்காரர் சிரித்தார். "போன்ல லட்சம் போவுதுன்னு காட்டுறாங்களே, நீங்க இன்னா இவ்ளோ கம்மியா கேக்குறீங்க?"

"அந்த லட்சத்தைக் குடுத்தவர் நம்பர் இருந்தா எனக்கும் குடுங்க, புண்ணியமா போவும்" என்றேன்.

கடைசியில் பட்டிக்குப் புதுத் தகரம் ஒன்றும், நான் நினைத்ததற்கு மேல் ஒரு தொகையும் கொடுத்து எடுத்து வந்தேன். அந்த வீடியோ வாங்கும் விலையை மலை மேல் வரைக்கும் ஏற்றிவிட்டது. விற்கும் விலை மட்டும், ஓட்டல்காரர்கள் வாங்குகிற புதுச்சேரியில், இருந்த இடத்திலேயே இருந்தது. இதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

2. அஞ்சலை வந்தது

பழனிவேல் சொல்லிவிட்டுப் போன மறுநாளே அவர் மனைவி அஞ்சலை வந்தாள். வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், காலில் சேறு காயவில்லை. அந்த நிலத்தில் நடவு முதல் அறுப்பு வரை நிற்பது அவள்தான். அவர் பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்த காலம் முழுக்க அப்படித்தான்.

"பத்திரம் அவரு பேர்ல இருக்குதுக்கா. வூட்ல நான் சொன்னா எடுபடாது. போர்டு இல்லன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நான் இல்லேன்னு சொன்னா வேற கடைக்குப் போவாரு. அங்க ஆசிட் ஊத்துனதத் தலையில கட்டுவாங்க. பரவால்லியா?"

அவள் கண் கலங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. நான் தர்ம சத்திரம் நடத்தவில்லை, வந்த வியாபாரத்தை விடுகிற ஆளும் இல்லை. ஆனால் இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். நிலத்தை விற்று வாங்குகிறவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்து, "எடுத்துக்குங்கக்கா, பணம் குடுங்க" என்பார். விற்ற விலைக்கு நான் எடுக்க முடியாது. அப்புறம் என் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார். எனக்கு அதுவும் வேண்டாம்.

அன்று சாயங்காலமே பழனிவேலை வரச் சொன்னேன்.

"கண்டக்டரே, மலையிலேந்து வந்த இந்த டீத்தூள் போர்டுக்கு மட்டும் இப்ப பணம் குடுங்க. புதுச்சேரிக்கு எடுத்துக்கினு போய் லாபத்துக்கு வித்துட்டு வாங்க. அட்வான்ஸ் அதுக்கப்புறம் வாங்கிக்கலாம். அது வரிக்கும் ஒரு போர்டுகூட இங்கேந்து வெளிய போவாது."

"இவ்ளோதானா? முப்பது வருசம் டிக்கெட் வித்தவன், ஒரு போர்டு விக்க மாட்டனா?"

"டிக்கெட் வாங்கலன்னா ஆளை எறக்கி வுட்டுடுவீங்க. இதுல அந்த வசதி இல்ல, பாத்துக்குங்க."

3. புதுச்சேரிக்குப் போன போர்டு

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனார். மாலையில் அஞ்சலை என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தாள். இருட்டுகிற நேரத்துக்குப் பழனிவேல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். போர்வை சுற்றிய போர்டு அவர் கக்கத்திலேயே இருந்தது. விலை போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

"மொத கடையில ஓரம் பேந்து கீதுன்னு பாதி வெலைக்குக் கேட்டான். அடுத்தவன், வச்சிட்டுப் போ, வித்தா பணம் தரேன்னான். அப்புறமா ஒரு ஓட்டல்காரரைப் புடிச்சேன். நான் குடுத்ததுக்கு மேல ஆயிரம் ரூபா தரேன்னாரு."

"அப்ப எதுக்குத் தூக்கிக்கினு வந்தீங்க?"

போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கக்கூஸ் போற வழியில மாட்டப் போறேன்னாருக்கா. எனக்கு மனசு வரல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அஞ்சலை சிரிக்கவில்லை. எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"லாபம் கைக்கு வந்துச்சு, உங்களால விக்க முடியல. நாளைக்கு நம்மள்ல ஒருத்தருக்கு ஆஸ்பத்திரின்னு வந்தா, இதுல எத வித்துக் குடுப்பீங்க? வருசத்துக்கு ரெண்டு தபா சோறு போடுற நெலத்த வித்துட்டு, விக்கவே மனசு வராத சாமானை வாங்குறேங்கிறீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் ஆறிப்போன டீ கிளாஸை எடுத்து வைக்கப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்வான்ஸ் கொடுக்க இருந்தவருக்கு அங்கேயே போன் போட்டார். "வேணாங்க, வூட்ல ஒத்து வரல" என்று பழியை அஞ்சலை மேல் போட்டுப் பேசினார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது போர்டின் ஒரு பக்கத்தை அவளே பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

இப்போது யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதுதான். கையில் மிச்சம் இருக்கும் காசில், பிடித்த போர்டு ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டுங்கள், தினமும் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். முதலீடு என்றால் மட்டும், இரண்டாவதை வாங்கும் முன் முதலாவதை விற்றுக் காட்டுங்கள். சரக்கு நல்லதாக இருந்தாலும் அதை வாங்க ஆள் வர வேண்டும், கொடுக்க உங்களுக்கும் மனசு வர வேண்டும்.

இதற்கு மேலும் சந்தேகம் உள்ளவர்களை மகளிடம் சொல்லிக் குடோனுக்குள் அனுப்புகிறேன். பழனிவேல் அன்று கேட்ட போர்டுகளில் பாதிக்கு மேல் இன்னும் அங்கேதான் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. இத்தனைக்கும் விற்பதற்கென்றே கடை வைத்திருப்பவள் நான். அஞ்சலை அந்த நிலத்தில் அதற்குப் பிறகு இரண்டு போகம் எடுத்துவிட்டாள்.