கனடிய வீடு

தொண்ணூறுகளில், கனடாவில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட் பகுதி மக்களின் குழு, பிரான்சில் ஒரு சிற்றூரோடு நட்பு ஏற்படுத்திக்கொண்டது. அங்கிருந்து சிலர் ஒரு வார இறுதிக்கு வருவதாக இருந்தது. கனடாவுக்கு வருமுன் ஐந்து வருடம் பாரிஸில் இருந்ததால் எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஒரு தம்பதியை எங்கள் வீட்டில் தங்கவைக்க நானே விரும்பிப் பெயர் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். அவர்களை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டாராம். "அவர்கள் ஒரு கனடிய வீட்டைப் பார்க்க வேண்டுமல்லவா?" என்றார், மிக இனிமையாக. நான் கனடியக் குடியுரிமை எடுத்து அப்போது இரண்டு வருடம்.

"விடுமப்பா, ரெண்டு நாள்தானே," என்றார் கணவர்.

"உது ரெண்டு நாள் விசயமில்லை," என்றேன்.

ஞாயிறு மதிய விருந்தில் அதே தலைவி என்னைத் தேடி வந்தார். தன் உரையை மொழிபெயர்க்க ஆளில்லையாம். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு அந்தத் தம்பதியிடம் போய், அவர்கள் ஏன் என் வீட்டில் தங்கவில்லை என்று சொன்னேன். எனக்குச் சுகமில்லை என்று குழுவினர் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "உங்கள் வீடு தூரமா?" என்று கேட்டாள்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில்தான் தேநீர் குடித்தார்கள். என் கோபம் அதனால் ஆறவில்லை.