வில்லியனூருக்கு வெறுங்காலில்: மாமாவும் நானும் அக்காவின் வாலும்

போன தபசுக் காலத்தில், அதாவது நோன்பு நாட்களில், ஒரு சனிக்கிழமை, நானும் என் அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மாமாவும் புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் மாதா கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து போனோம். நேர்ந்துகொண்டது அம்மா, நடந்தது நாங்கள். எங்கள் வீட்டில் நேர்ச்சை என்றால் எப்போதும் அப்படித்தான். வாய் ஒருத்தருடையது, கால் வேறொருத்தருடையது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வருகிற மாதா திருவிழாவுக்கு நம் தெருவிலிருந்து ஒரு கூட்டம் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நம் கையெழுத்து இதழில் இதை எழுதுகிறேன். என் குறும்புகளுக்காக என்னைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்து மனம் இரங்கவும். இரங்காதவர்கள் வழிச்செலவையாவது படித்துப் பயன்பெறவும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிலோமி அக்காவுக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணி கொடுத்தோம், விளக்கெண்ணெய் தடவினோம். வலி போகவில்லை, காய்ச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, காலையில் அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் வாலு என்று பெயர் வாங்கியவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அக்கா வயிற்றுக்குள் இன்னொரு வாலு. இதைச் சொல்லி வராண்டாவில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. "ரொம்ப லேட்டாக் கொண்டாந்திருக்கீங்க. உள்ள சீழ் வெச்சிருந்தா எதுவும் சொல்றதுக்கில்ல" என்று டாக்டர் சொன்னது எல்லார் காதிலும் உட்கார்ந்துகொண்டிருந்தது.

மாமாவைச் சொல்ல வேண்டும். மில்லில் தறி ஓட்டுகிறவர். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தறியில் நாடா ஓடுகிற மாதிரி வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். நர்ஸ் வேலை பார்க்கிற கன்னியாஸ்திரியை நம் ஊரில் மசேர் என்றுதானே கூப்பிடுவோம், அந்த மசேரை ஒவ்வொரு தடவையும் வழிமறித்தார். "டாக்டர் வந்துட்டாரா மசேர்?" "இன்னும் இல்லைப்பா." "கத்தியெல்லாம் வெந்நீர்ல போட்டாச்சா மசேர்?" மூன்றாவது தடவை மசேர் நேராக அம்மாவிடம் வந்தார். "பொண்ணை நாங்க பாத்துக்கறோம். உங்க மருமகனை நீங்க பாத்துக்கங்க. இவர் இப்படி நடந்தா டாக்டருக்கே கை நடுங்கும்."

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஜெபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தாள்.

"நடக்கத்தானே செய்யறாரு. வில்லியனூருக்கு நடக்கட்டும். ரெண்டு பேரும் செருப்பில்லாம, வண்டி ஏறாம, வழியில திரும்பாம போய் மாதா காலடியில நிப்பாங்கன்னு இப்பத்தான் நேர்ந்துகிட்டேன். கெளம்புங்க."

எட்டு மணிக்கு அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகில் அக்கா என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. "மாமாவப் பாத்துக்கடா. ரொம்பப் பயப்படுவாரு" என்றாள். வயிற்றைக் கிழிக்கப்போவது அவளுக்கு. பயம் மாமாவுக்காம். இதற்கு மேல் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டின தலைக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கோயிலுக்குச் சுமார் ஆறு மைல். நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், பிறகு வில்லியனூர். வழி தப்பவே முடியாது, நேர் ரோடு. ஊருக்குள் கல்லும் சாணியும், நெல்லித்தோப்பு தாண்டினால் சரளை. வெறுங்காலோடு போகிறவர்கள் ஓரமாக மண்ணில் நடக்கவும். மாமா நடுரோட்டில் நடந்தார். கால் இருப்பதே அவருக்கு நினைவில்லை. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப் பார்த்தேன். அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

ஊர் முடிந்து வயல் தெரிகிற இடத்தில், பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது.

எங்கள் பங்குக் கோயில் மணி. நடுவில் கீறல் விட்ட மணி, எங்கே கேட்டாலும் தெரியும். அடித்தது சாவு மணி. நம் கோயிலில் ஆம்பளை செத்தால் மூன்று மூன்றாக அடிப்பார்கள், பொம்பளை செத்தால் இரண்டு இரண்டாக. டாண், டாண். நிறுத்தம். டாண், டாண். நிறுத்தம். மூன்றாவது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

மாமா திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "பிலோமி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

என் காலும் அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் அக்கா கொதிக்கிற கையோடு சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மில்லில் நூல் சுற்றின பாவு உருளையைத் தூக்குகிற உடம்பு. என்னையும் சேர்த்து நாலடி இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றார்.

"விடுடா. சின்னப் பையன், ஒனக்கு என்ன தெரியும்? போறது எம் பொண்டாட்டி."

"ஒங்களுக்கு மூணு வருசமாத்தான் பொண்டாட்டி. எனக்குப் பதினஞ்சு வருசமா அக்கா. நான் ஓடல, பாத்தீங்களா?"

"மணி கேக்கலையா ஒனக்கு?"

"கேட்டுச்சு. அங்க ஓடிப்போய் என்ன செய்யப் போறீங்க? வராண்டாவுல நிப்பீங்க. அதுக்கு வில்லியனூர்ல நிக்கலாம். வழியில திரும்பக் கூடாதுன்னு அம்மா நேர்ந்திருக்கு. அக்கா உள்ள தைரியமாப் படுத்திருக்கு. நாம வெளியில நடக்கக்கூட முடியாதா?"

என் வாயிலிருந்து இவ்வளவு நல்ல பேச்சு வருமென்று நானே எதிர்பார்க்கவில்லை. மாமா ரோட்டு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மணி நிற்கவே இல்லை. ஜெபமாலையை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். ஜெபமாலை சொல்லும்போது நினைத்துக்கொள்ள நாளுக்கு ஒரு வகைத் தேவ இரகசியம் உண்டே, அதைக் கேட்டேன்.

"சொல்லுங்க மாமா. இன்னைக்கு என்ன தேவ இரகசியம்?"

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சனிக்கிழம. மகிமை."

"மொத இரகசியம்?"

துண்டை முகத்திலிருந்து இறக்கினார். பிறகு சொன்னார்: "சேசுநாதர் உயிர்த்தது."

சாவு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மணியைவிடச் சத்தமாகச் சொல்லுவோம் என்று எழுந்தோம். இருவரும் கத்திக்கொண்டு நடந்ததில் எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் மாட்டை ஓரங்கட்டினார். "யாருப்பா காது கேக்காதவங்க? மாதாவா, நீங்களா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் அவருக்குத் தகுந்த பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கு மாதாவுக்குச் சொல்லுகிற பிரியதத்த மந்திரத்தில் அடுத்ததைச் சொன்னேன்.

கவலையோடு நடக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம். முழு ஆறு மைலையும் நினைத்தால் கால் நகராது. "அக்கா பிழைப்பாளா" என்று நினைத்தால் மூச்சே நின்றுவிடும். அதனால் மரத்துக்கு ஒரு மந்திரம் என்று மாமாவிடம் சொன்னேன். "அடுத்த மரம் வரைக்கும் மாதா பாத்துக்கும். அதுக்கடுத்த மரத்துக்கு அங்க போய்க் கேப்போம்." மாமாவுக்கு இது பிடித்துவிட்டது. ஒவ்வொரு மரத்தையும் ஒரு கையால் தொட்டுவிட்டு நடந்தார். நடுவில் மரம் இல்லாத ஒரு நீண்ட வெட்டவெளி வரும், பயம் மறுபடியும் வந்து தோளில் ஏறும். அங்கே தந்திக் கம்பத்தை மரமாக வைத்துக்கொள்ளலாம். மாதா கோபித்துக்கொள்ளவில்லை.

மூலக்குளத்தில் ஒரு டீக்கடை உண்டு. டீ ஆறு நயா பைசா. வாசலில் குடத்துத் தண்ணீருக்குக் காசு இல்லை. உட்கார்ந்து காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எட்டு மணிக்கு அக்கா உள்ளே போனாள். மணி அடித்தது எட்டரை சுமாருக்கு. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா அழுது முடித்து ஆள் அனுப்ப வேண்டும், அந்த ஆள் மணி அடிக்கிற கோயில்பிள்ளையை எழுப்ப வேண்டும். நம் கோயில்பிள்ளை எழுந்திருக்கவே அரை மணி ஆகும் என்பது நாடறிந்த விஷயம். அதற்குள் அந்த மணி அக்காவுக்காக அடித்திருக்க முடியாது. மாமாவிடம் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "இத அங்கியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?"

"அங்க எனக்கும் கணக்கு வரல மாமா."

எனக்குப் பள்ளிக்கூடத்திலும் கணக்கு வராது. பயத்துக்கு என்னைவிட வராது. ஆனால் ஒன்று, கணக்கு தெரிந்தபிறகும் பயம் முழுக்கப் போகவில்லை. சீழ் இருக்கிறதா இல்லையா என்பது எந்தக் கணக்கிலும் இல்லையே. எழுந்து அடுத்த மரத்துக்கு நடந்தோம்.

பத்தரை மணிக்கு வில்லியனூர். கோயிலுக்கு முன்னால் இருக்கிற கடைகளில் மெழுகுவர்த்தியும், காணிக்கை போடுகிற மெழுகு உருவங்களும் கிடைக்கும். கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால், பிள்ளை வரத்துக்குத் தொட்டில். ஒரு கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"குடல்வால் இருக்குங்களா?"

"வாலா? மாட்டு உருவம் இருக்கு தம்பி. வாலோட."

"மாட்டுக்கு இல்லீங்க, எங்க அக்காவுக்கு. வயித்துல ஆப்பரேசன்."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூடையைக் கிளறினார். "வயிறு தீந்துபோச்சே. முழு ஆளு இருக்கு, பொம்பள உருவம். இருபத்தஞ்சு நயா பைசா ஆவும். வயிறும் உள்ளதானே இருக்கு, எடுத்துக்க."

விலையைக் குறைக்கலாமென்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கையை நீட்டிவிட்டார். "குடுங்கம்மா. எனக்கு முழு ஆளாத்தான் வேணும்" என்றார்.

கடைக்கார அம்மா உருவத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

மாதா முன்னால் அதை வைத்தோம். முட்டி போட்டதும் மாமா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மரத்துக்கு மரம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருந்தார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு பையைத் தடவி, இன்னொன்று வாங்கிவரச் சொன்னார்.

"இது யாருக்கு மாமா?"

"மணி அடிச்சாங்களே. நம்ம பிலோமி இல்லன்னா அது வேற யாரோ ஒருத்தி. அவ வீட்டுலயும் ஒருத்தன் ஓடிகிட்டு இருப்பான்ல. அவனப் புடிச்சு நிறுத்த ஒன்ன மாதிரி ஒரு வாலு இருக்கோ என்னவோ."

நான் மாதாவைக் கும்பிட்டபடி தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை, மெழுகுப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

நேர்ச்சை போவதற்கு மட்டும்தான், வருவதற்கு இல்லை. அதனால் ரயில். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இருபது நயா பைசா. மத்தியான வண்டி தாமதமாகத்தான் வரும், வேர்க்கடலை வாங்கி வைத்துக்கொள்ளவும். புளியமரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தள்ளிப் போய்விட்டது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். நானும்தான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கு ஏதாவது என்றால் எந்த அம்மா குறட்டை விடுவாள்? மசேர் வந்து, சீழ் பிடிக்க இருந்த நேரத்தில் எடுத்துவிட்டார்கள், இனி காய்ச்சல் இறங்க வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார். அக்கா பாதிக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வால எடுத்துட்டாங்கன்னாங்க. நீ இன்னும் இங்கதான் இருக்கியா?"

மாமா சிரித்தார். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்தபடியே என்னை வெளியே கூப்பிட்டார். அம்மாவை எழுப்பி, காலையில் யாருக்கு மணி அடித்தார்கள் என்று கேட்டார். பின் தெருவில் துணி தைத்துக் கொடுக்கிற ஒரு அம்மாவாம். எங்களுக்குப் பழக்கமில்லை. நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.

நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலில் நின்றோம். காலையில் கழற்றிய செருப்பை இன்னும் மாட்டவில்லை. ஊர்வலத்தில் கல்லறை வரைக்கும் போனோம். இறந்துபோன அம்மாவின் புருசன் மாமாவை யாரென்று கேட்கவில்லை. மாமா போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார், அவ்வளவுதான். நான் அன்றைக்கு யாரையும் சீண்டவில்லை. நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்ளவும்.

நீங்கள் போகும்போது விடியுமுன் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் மூலக்குளம் தாண்டிவிடலாம். முள் எடுக்க ஊசி வேண்டும். தலைக்குத் துண்டு வேண்டும். மெழுகு உருவம் கேட்டது இல்லையென்றால் முழு ஆளாக வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். பயந்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், அவரைப் பார்த்துக்கொள்வதில் உங்கள் பயத்தைப் பார்க்க நேரம் இருக்காது. வழியில் மணிச் சத்தம் கேட்டால் நிற்க வேண்டாம், அடுத்த மரத்துக்கு நடங்கள். ஆனால் திரும்பி வந்ததும் யார் வீடு என்று கேட்டு, ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.