சகலை கொடுத்த பேட்டரி

சகலை கார் வாங்கினார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கை மாறிய பழைய கார்தான். இருந்தாலும் கார் கார்தானே. பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காகப் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய என்னிடம் இருந்தது ஒரு பைக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராபுரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று கொழுந்தியாளோடு அந்தக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்துவிட்டு எல்லோரும் ஏறினோம். என் மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கையாட்டினாள். என் பைக்கில் உட்கார்ந்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

சகலை சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே 'டிக்'.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் பாருங்களேன். உங்களுக்குத் தெரியாத கரண்டுங்களா?"

மீட்டரை எடுத்துவந்து பேட்டரி முனைகளில் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட். சாவியைத் திருப்பச் சொன்னேன், அப்போதும் இறங்கவில்லை. பேட்டரி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. எர்த் ஒயர் கிளாம்புக்குள்தான் பச்சையாக உப்புப் பூத்துக் கரண்ட்டைத் தடுத்தது. கழற்றித் தேய்த்து மாட்டினால் ஐந்து நிமிட வேலை.

அப்போது காருக்குள் என் மனைவி தங்கையிடம் சொல்வது கேட்டது. "உன்ற ஊட்டுக்காரரு நல்ல வண்டியாத்தான் தேடிப் புடிச்சிருக்காரு கண்ணு."

"பேட்டரி செத்துப்போச்சுங்க" என்றேன்.

"தள்ளிப் பாக்கலாங்களா?"

"வேண்டாங்க. நடுவழியில நின்னுபோச்சுன்னா பொம்பளைங்கள வெச்சுட்டு என்ன பண்றது?" ரொம்ப அக்கறை உள்ளவன் போலச் சொன்னேன்.

பஸ்ஸில் போனோம். கூட்டம். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருந்தது.

மறுநாள் சகலை பேட்டரிக் கடைக்காரரை எங்கள் வாசலுக்கே கூட்டிவந்தார். அந்த ஆள் கிளாம்பைச் சுத்தமாகத் தேய்த்துப் புது பேட்டரியில் மாட்டினார். கார் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேனாம், மாமனார் வீட்டில் என் புகழ்தான். பழைய பேட்டரியைச் சகலை என்னிடமே கொடுத்தார்.

"உங்களுக்கு எதுக்காச்சும் ஆகுங்கண்ணா."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவி கேட்டாள் என்று அதில் ஒரு சின்ன பல்பை மாட்டிச் சமையலறையில் வைத்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் அதுதான் எரிகிறது. வருடம் ஒன்று ஆகிவிட்டது.

போன வாரம் அந்த வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள். "ஏனுங்க, இது செத்துப்போன பேட்டரின்னுதானே சொன்னீங்க?"

நான் பல்பு ஒயரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தேன்.

"தாராபுரம் வரைக்கும் நின்னுட்டே வந்தேனுங்க" என்றாள்.