அப்பாவின் பென்ஷன் பணத்தில் வாங்கிய மூன்று ஏக்கர்

அப்பா மலேயாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பினார். பென்ஷனுக்கு அங்கே வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். இங்கேயும் கணக்குக் காட்டச் சொன்னார்கள். "ஒரு பென்ஷனுக்கு ரெண்டு சர்க்கார்" என்று அலுத்துக்கொள்வார்.

ஓய்வின்போது கிடைத்த மொத்தத் தொகையில் மூன்று ஏக்கர் வாங்கினார். பூர்வீக நிலத்தோடு சேர்த்தால் நில உச்சவரம்பைத் தாண்டும் என்று, எங்கள் பண்ணையாளின் பேரில் பத்திரம் போட்டார்.

அப்பா இறந்த ஆறாம் மாதம் எஸ்டேட் டியூட்டி நோட்டீஸ் வந்தது. இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு வாரிசுகள் வரி கட்ட வேண்டிய காலம் அது. அந்த மூன்று ஏக்கருக்கான பணம் மலேயாவிலிருந்து அப்பா எடுத்த டிராப்ட் என்று அதிகாரி கண்டுபிடித்து, பண்ணையாளை விசாரணைக்கு அழைத்தார்.

விசாரணைக்கு முதல் நாள் அம்மா பண்ணையாளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு ஈடா அய்யா வாங்கிக் குடுத்த நெலம்னு சொல்லிடு. ஆடிட்டர் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பது வருஷமா உழைச்சது நெசந்தானுங்களே அம்மா" என்றார்.

தஞ்சாவூர் அலுவலகத்தில் தடுமாறாமல் சொல்லிக் கைநாட்டு வைத்தார். வரி குறைந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "கடைசி வயல்ல தண்ணி நிக்கிது தம்பி, வடிகால் வெட்டணும்" என்றார். தன் வயலைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை அறுவடைக்கு அம்மா அந்த மூன்று ஏக்கரில் வெளியூர் ஆட்களை இறக்கினாள். அவரும் மனைவியும் வரப்பில் நின்று மறித்தார்கள்.

"நீங்கதானே அம்மா ஆபீசர்கிட்ட சொல்லச் சொன்னீங்க."

"வரிக்காகச் சொன்னத நெசம்னு நெனச்சிக்கிட்டியா?"

நெல் திருட வந்ததாகப் புகார் கொடுத்தோம். எழுதியது நான். போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் கொடியோடு வந்தார்கள். அவர்களையும் பிடித்துப் போனார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார். பண்ணையாட்கள் குடியிருந்த காலனிப் பக்கம் அவர் போகவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி, நிலத்தை என் பேருக்கு எழுதி வாங்கினோம். கைநாட்டு வைக்க வந்தவரை நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இடது காது கேட்கவில்லை என்று மனைவி சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போகும் வரை அது நன்றாகக் கேட்டது.

அந்தப் பங்குனியில் இருவரும் அதிராம்பட்டினம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அங்கே போனபோது விசாரித்தேன். முந்தின மழைக்காலத்திலேயே அவர் இறந்துவிட்டாராம். மனைவி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. நிலம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.